வலப்பக்கக் கண்ணாடி

மார்ச் 4, திங்கள்

எழுந்ததும் முதலில் செய்தது, ஆமோஸ் கொடுத்தனுப்பிய பக்கங்களைச் சமையலறை மேசையில் தலைகீழாகப் பரப்பியது. காபிகூடப் போடவில்லை. நேராக வைத்துப் பார்த்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும். தலைகீழாக வைத்தால்தான் கோடு தெரியும், கருப்பு எங்கே கனக்கிறது, வெள்ளை எங்கே மூச்சுவிடுகிறது என்று தெரியும். பல வருடப் பழக்கம்.

பதினோராவது காமிக்ஸ் புத்தகம். படம் அவன் பென்சில், அதன் மேல் என் மை. எங்களுக்கு விவாகரத்தாகி ஒன்பது வருடமாகிறது. ‘ராத்திரி வண்டி’ தொடர் மட்டும் நிற்கவில்லை. கதாநாயகி ஆர்லீன் இன்னமும் ஃபிலடெல்ஃபியாவின் ஜெர்மன்டவுன் அவென்யூவில் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே நேரத்தை நிறுத்திவைத்து யாரையாவது காப்பாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறக்கிறாள்.

தலைகீழ்ப் பக்கங்களில் இடது ஓரம் வெறிச்சென்று இருந்தது. நேராகத் திருப்பினால் வலது ஓரம். ஒரு பக்கத்தில் என்றால் பரவாயில்லை. ஆறு பக்கங்களில். ஆர்லீனின் தோளுக்குப் பின்னாலிருந்து சாலையைப் பார்க்கும் கட்டங்களில் வண்டியின் வலப்பக்கக் கண்ணாடி இல்லை.

ஆமோஸின் அம்மா இதே ஊரில் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். கண்ணாடி இல்லாத பேருந்தை அவன் வரைவானா?

பத்தாவது புத்தகத்திலும் சில இடங்களில் இப்படி இருந்தது. களைப்பு என்று நினைத்து நானே போட்டுவிட்டேன். இன்றும் போட்டேன். கண்ணாடி, ஒரு தெருவிளக்கு, கடைசி இருக்கையில் தூங்குகிறவரின் மறுபாதி உடம்பு. மை காய்ந்ததும் பென்சிலை அழித்தேன். என் வேலையின் கடைசிப் படி அதுதான், அவன் கோட்டை அழிப்பது. அழித்த பிறகு எது அவனுடையது, எது என்னுடையது என்று யாருக்கும் தெரியாது. எனக்கே சில சமயம் தெரியாது.


மார்ச் 6, புதன்

நான் வேலை செய்யும் அச்சகத்தில் இன்று, இறந்தவர்களின் இறுதி ஆராதனையில் கொடுக்கும் புத்தகங்கள் மூன்று. எட்டு எட்டுப் பக்கம், அட்டையில் வண்ணப்படம். ஒரு மகன் மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“எங்கப்பா இந்தக் கலர் இல்லம்மா. இது யாரோ சாம்பல் பூசின ஆளு.”

உண்மைதான். இயந்திரத்துக்குக் கருப்பர்களான நம் முகம் புரிவதே இல்லை. ஒன்று சாம்பலாக்கும், இல்லாவிட்டால் மூக்கு வாய் தெரியாமல் ஒரே கருப்பாக அப்பிவிடும். உட்கார்ந்து சரிசெய்தேன். கன்னத்தில் கொஞ்சம் செம்மை, நெற்றியில் வெளிச்சம். மகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, “ம்ம். வந்துட்டாரு” என்றார்.

நாள் முழுக்கச் சரிசெய்வதே என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருப்பதில்லை.

சாயங்காலம் கெசியா கூப்பிட்டாள். நியூயார்க்கில் ஒரு பதிப்பகத்தில் ஆசிரியர். முப்பது வயதுகூட இருக்காது. சின்ன வயதில் மாமாவின் முடிவெட்டும் கடையில், நாற்காலிக்குக் காத்திருக்கும் நேரத்தில், எங்கள் முதல் புத்தகத்தைப் படித்தவளாம். எல்லாப் புத்தகங்களையும் சேர்த்துக் கெட்டி அட்டையில் ஒரே புத்தகமாகப் போட வேண்டும் என்று மேலதிகாரிகளோடு ஒரு வருடமாக மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

“ஒத்துக்கிட்டாங்க மிஸ் ரோஷெல்! ஒரே ஒரு நிபந்தனை. கதைய முடிக்கிற பன்னிரண்டாவது வேணும். ஆர்லீன் கடைசியா எங்கே வண்டிய நிறுத்தறான்னு தெரியாம என்னால புத்தகத்த மூட முடியாது. ஆகஸ்ட் கடைசிக்குள்ள.”

ஆமோஸுக்குச் சொன்னேன். சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

இளைஞனாக ஒரு பெரிய காமிக்ஸ் கம்பெனியில் பென்சில் போட்டுக்கொண்டிருந்தபோது அங்கிருந்த ஆசிரியர் அவனிடம், “உன் ஆளுங்க முகம் அச்சுல தெரிய மாட்டேங்குது, கோடு மட்டும் போட்டு வெள்ளையா விட்டுடு, கலர் போடறவன் பார்த்துப்பான்” என்று சொன்னாராம். அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி ஃபிலடெல்ஃபியாவுக்குத் திரும்பிவிட்டான். எங்கள் புத்தகத்தில் கலரே கிடையாது. கருப்பு மை, வெள்ளைத் தாள். கன்ன எலும்பின் மேல் மட்டும் வெளிச்சம் விட்டு, அதன் கீழே காய்ந்த பிரஷால் இழுப்பேன். ஒவ்வொரு முகமும் வேறு வேறு கருப்பு.


மார்ச் 9, சனி

ஆமோஸின் அக்கா வெர்டெல் போனில் சொன்னாள்: ஆமோஸ் மறுபடியும் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டானாம். வலது தோள்.


மார்ச் 17, ஞாயிறு

பதினேழாம் பக்கம் வரை மை முடிந்தது. ஓரத்தில் அவன் எழுதும் குறிப்புகளை இன்று படித்துக்கொண்டே இருந்தேன். மை போடுகிறவளுக்கு நீலப் பென்சிலில் எழுதுவது, அச்சில் வராது.

“இங்கே மழை. உன்னோட மழை போடு, என்னோடது வேண்டாம்.”

“இந்தப் பாட்டிக்கு உங்க சித்தி கை.”

“எட்டாம் கட்டத்துல தப்புப் பண்ணிட்டேன், கண்டுக்காதே.”

கல்யாணமாகி இருந்த காலத்தில் வாயைத் திறந்து இதில் பாதிகூடப் பேசியதில்லை. ஒரே அறையில் இரண்டு மேசை, எதிரெதிர் சுவர், நடுவே இரண்டு முதுகு. பிரிந்ததே அதனால்தான். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒருநாள் நான் அழுதுகொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை, அவனுக்குக் காய்ச்சல் அடித்ததை நான் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் ஓரத்தில் மட்டும் அவன் என்னைத் தேடிக்கொண்டே இருந்தான்.

எந்த இடம் முழுக்கக் கருப்பாக வேண்டுமோ அங்கே ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவான். எல்லாப் பென்சில்காரர்களும் போடுவதுதான். அவன் குறிக்கு மட்டும் ஒரு கால் நீளம், நொண்டுகிற மாதிரி. இந்தப் பக்கங்களில் வலப்பக்கம் ஒரு குறிகூட இல்லை.

களைப்பா இது?


மார்ச் 31, ஞாயிறு, ஈஸ்டர்

வெர்டெல் வீட்டில் சாப்பாடு. வீடு அவளுடையது, ஆமோஸ் மாடியில் இருக்கிறான். அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு எப்போதும் அடிதடிதான். பன்றித்தொடை, வேகவைத்த கீரை, அவள் அடுப்பில் சுட்ட மக்ரோனி. தலையில் ஆராதனைக்குப் போன மஞ்சள் தொப்பி, கழற்றவே இல்லை.

“இந்தத் தொப்பிக்குப் பின்னாடி உட்கார்ந்தவங்க யாரும் இன்னிக்கு இயேசு எழுந்ததப் பார்த்திருக்க மாட்டாங்க” என்றான் ஆமோஸ்.

“உனக்கு என்னடா தெரியும், நீதான் பிரசங்கம் பூரா தூங்கினியே.”

சிரித்துக்கொண்டே கீரையை எடுக்கக் கை நீட்டிய ஆமோஸ், வலது பக்கம் இருந்த தேநீர்க் கூஜாவைத் தட்டிவிட்டான். மேசை, மடி, தரை எல்லாம் ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர்.

“குடிச்சிருக்கியாடா? ஈஸ்டர் அதுவுமா!”

“யாரு அத இங்க கொண்டாந்து வெச்சது?”

“அது அரைமணி நேரமா அங்கதான் இருக்கு.”

எல்லோரும் சிரித்தோம். வெர்டெல் துணியோடு குனிந்தாள். நான் ஆமோஸின் முகத்தைப் பார்த்தேன். அவன் கூஜாவைப் பார்க்கவில்லை. சன்னலோரம் இருந்த அம்மாவின் நாற்காலியைப் பார்த்தான். கடைசி வருடங்களில் அந்த அம்மா அதில் உட்கார்ந்துதான், வாசல்மணி அடித்தால் “யாரது, வெளிச்சத்துக்கு வா” என்பார். சன்னல் திறந்து, வெளிச்சம் கொட்டிக்கொண்டுதான் இருக்கும்.

பாத்திரம் கழுவும்போது அவனிடம் கேட்டேன்: “கண் டாக்டர்கிட்ட போனா என்ன?”

“எதுக்கு?”

“சும்மா.”

கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனான். பத்தாவது புத்தகத்தோடு இறங்கிவந்தான். சமையலறை விளக்குக்கு நேரே பிரித்துப் பிடித்தான்.

“இதப் பாரு. எனக்கும் அந்தப் பயம் வந்துதுதான், ஷெல். பொய் சொல்லல. ஜனவரிக் குளிர் மாதிரி உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம். அச்சாகி வந்ததும் ஒவ்வொரு கட்டமா பார்த்தேன். ஒரு கோடு தப்பா இருக்கா சொல்லு. இந்தக் கண்ணாடியப் பாரு. அதுக்குள்ள தெரு வேற. கண்ணு போனவனா இத வரைவான்?”

அவன் விரல் வைத்த கண்ணாடி நான் வரைந்தது.


ஏப்ரல் 2, செவ்வாய்

என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்.

நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய். வலிக்காது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போவது தெரியாது, மூளையே ஓட்டையை அடைத்துவிடுமாம், பக்கத்தில் இருக்கிற சுவரை, வானத்தை எடுத்துப் பூசி. போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். சீக்கிரம் போனால். நம் ஆட்களுக்கு அதிகம் வரும். அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு இன்னும் அதிகம்.

அவன் பயந்தான். பயந்து, புத்தகத்தைப் பார்த்துத் தன்னைத் தானே பரிசோதித்தான். அந்தப் பரிசோதனையில் நான் அவனுக்குப் பதிலாகப் பரீட்சை எழுதிவிட்டேன்.

அன்புன்னுதானே நெனச்சேன்? அன்புதான். அதனால என்ன. ஒரு குளிர்காலம் முழுக்க அவன் கண்ணு என் பிரஷ் முனையில போயிட்டிருந்திருக்கு — நான் அழகா பொட்டு வெச்சிட்டிருந்திருக்கேன்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டான். புத்தகத்தைத்தான் காட்டுவான்.


ஏப்ரல் 6, சனி

கடைசிப் பக்கம். அவன் போட்டதற்கு மட்டும் மை போட்டேன். ஒரு கோடு கூடுதலாக இல்லை. அவன் கோடு எங்கே நின்றதோ அங்கே என் பிரஷும் நின்றது. பேருந்தின் மேற்கூரை பாதியில் முடிகிறது. கையசைக்கும் பெண்ணுக்கு முழங்கைக்குமேல் ஒன்றும் இல்லை. கை தானாகப் போய்ப் போய் முடிக்கப் பார்த்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், சிரிப்பாகவும் இருந்தது.

பென்சிலை அழிக்கவில்லை.


ஏப்ரல் 7, ஞாயிறு

கொடுத்துவிட்டேன்.

அவன் மேசையில் வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம். தலையைத் திருப்பித் திருப்பி, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல. அப்போதுதான் புரிந்தது, அவன் இப்படிப் பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளாகவே ஆகியிருக்கிறது.

“மீதி எங்கே?”

“நீ போடல.”

“போட்டேன்.”

“பென்சில அழிக்கல ஆமோஸ். பாரு.”

பார்க்கவில்லை. வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினான். அவன் அழுத்திப் போடுகிறவன், தாளில் பள்ளம் விழும். இருட்டில்கூடத் தடவினால் தெரியும். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடியும் தடவினான்.

“எப்போலேருந்து?”

“பத்தாவதுலேருந்து. எனக்குத் தெரியல ஆமோஸ், நான் களைப்புன்னுதான்—”

“அந்தக் கண்ணாடி?”

“நான்தான்.”

கத்துவான் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என் பேரு மேல போட்டிருக்கு. ‘பென்சில்: ஆமோஸ் டிரம்மண்ட்’. ஜனங்க அதப் படிச்சிட்டு வாங்கறாங்க. உள்ள நீ ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கே.” பிறகு, மெதுவாக: “என்கிட்ட சொல்லியிருக்கலாமே ஷெல். ஓரத்துலயாவது எழுதியிருக்கலாமே.”

ஆமாம். அவன் எனக்கு எவ்வளவோ எழுதினான். நான் பதிலுக்கு ஒரு வரி எழுதியதில்லை. மை போடுகிறவள் ஓரத்தில் எழுதுவது வழக்கமில்லை என்று.

கீழே வந்தேன். வெர்டெல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பில் ஒரு துண்டைத் தாளில் சுற்றிக் கையில் திணித்தாள்.


ஏப்ரல் 8

ஒன்றுமில்லை.


ஏப்ரல் 11

வெர்டெல் கொடுத்த இனிப்பைச் சாப்பிட்டேன். நின்றுகொண்டே.


ஏப்ரல் 15, திங்கள்

மதியம் அச்சகத்துக்கே கூப்பிட்டாள் வெர்டெல்.

“போயிட்டு வந்துட்டாண்டி. யார்கிட்டயும் சொல்லாம, தனியா, பஸ் பிடிச்சு. அம்மாவுக்கு வந்ததேதான். வலது கண்ணுல ஓரம் நிறைய போச்சாம். இடதுல இப்போதான் ஆரம்பம். நடுவுல நல்லாத்தான் தெரியுதாம், சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கான். அந்த டாக்டரம்மா, எப்படி இப்பவாவது வந்தீங்கன்னு கேட்டாங்களாம். முக்காவாசிப் பேரு எல்லாம் போனப்புறம்தான் வருவாங்களாம்.”

“என்ன சொன்னானாம்?”

“‘என் மை போடறவ சொன்னா’ன்னானாம்.”

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது போனில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்: “…சொட்டு மருந்து விட்டுக்கத் தெரியுதா அவனுக்கு? மூக்குல விடறான், மீசைல விடறான். நான் விடப் போனா கண்ண இறுக்கி மூடிக்கறான், அம்பத்திரண்டு வயசுக் குழந்தை. நாளையிலேருந்து மார்மேல ஏறி உட்காரத்தான் போறேன். என் வெயிட்டுக்கு மூச்சு நின்னாலும் நிக்கும், கண்ணு பிழைச்சிடும்.”


ஏப்ரல் 20, சனி

ஆமோஸே கூப்பிட்டான். பதின்மூன்று நாளுக்குப் பிறகு அந்தக் குரல். கோபம் இல்லை. கோபம் இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

பன்னிரண்டாவது இல்லை என்றான். கெசியாவிடம் நான் சொல்லிவிட வேண்டுமாம்.

“முயற்சி பண்ணிப் பார்த்தேன். ஒரு வாரமா. முழுப் பக்கம் கண்ணுக்குள்ள வர மாட்டேங்குது ஷெல். ஒரு கட்டத்தப் பார்த்தா மத்த அஞ்சும் ஓடிப்போயிடுது. அதத் தேடிப் போனா இது ஓடிடுது. மந்தை மேய்க்கிற மாதிரி இருக்கு.”

“நான் நிரப்பறேன். இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு.”

“வேண்டாம். என் பேருக்குப் பின்னாடி நின்னு நீ வரையக் கூடாது. எனக்கு மட்டும் அவமானம் இல்ல அது. உனக்கும்.”

“அப்போ ஆர்லீன்?”

மேசை இழுப்பறையை அவன் சாத்தும் சத்தம் கேட்டது.

“வண்டி ஓட்டிக்கிட்டே இருக்கட்டும். எங்கேயும் நிறுத்த வேண்டாம்.”

கெசியாவுக்கு இன்னும் சொல்லவில்லை. போனை எடுக்கிறேன், வைக்கிறேன். அந்த முடிவெட்டும் கடையில் கால் எட்டாத நாற்காலியில் உட்கார்ந்திருந்த சின்னப்பெண் ஞாபகம் வருகிறாள், நான் பார்த்ததே இல்லை என்றாலும். முடிவில்லாத புத்தகத்தை அவர்கள் போட மாட்டார்கள். பதினொன்றும் கொட்டகையில் அட்டைப்பெட்டிகளில் கிடக்கும், எங்களுக்குப் பிறகு யாராவது தூக்கிப்போடும்வரை.

அவனுக்கு அதைவிட வேறு கவலை. இருபது வயதிலிருந்து அவன் வேறு எதுவாகவும் இருந்ததில்லை. பென்சில் இல்லாத ஆமோஸை எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.


மே 4, சனி

சொட்டு மருந்து ஒழுங்காகப் போகிறது என்று வெர்டெல் சொன்னாள். அவன் மேசையில் தூசி படிகிறது என்றும் சொன்னாள்.


மே 18, சனி

காமிக்ஸ் சந்தை. ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் கடை போடும் அதே பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம். நம் ஆட்கள் நடத்துவது, நம் ஆட்கள் வரைந்தது. மரத்தரையில் மடக்கு மேசைகள். வறுத்த மீன் வாசனை வெளி வாசலிலிருந்து வருகிறது. எதிர் மேசையில் அட்லாண்டாவிலிருந்து வந்த இரட்டையர் விண்வெளி ராணிகளை விற்றார்கள். முதுகில் அட்டைச் சிறகு கட்டிய அப்பா ஒருவர் கதவுக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் வந்தார்.

ஆமோஸ் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வெர்டெல் இழுத்து வந்துவிட்டாள். என் வலப்பக்கம் உட்கார்ந்தான், நான் அவன் இடப்பக்கம். பிறகு யோசித்து, எழுந்து அவனுக்கு ஓரம் தெரியாத வலப்பக்கத்துக்கு மாறினேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை. நன்றி என்பதுபோல் நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

மதியம் ஒரு பெண்மணி வந்தார். பேருந்து ஓட்டுநர் சீருடை, தோளில் பை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் பெயர்: லவெர்ன். நேராக ஆமோஸுக்கு முன் நின்று இடுப்பில் கை வைத்தார்.

“நீங்கதான் ஆர்லீன வரையறவரா?”

“ஆமாம்மா.”

“இதுவரைக்கும் வந்த பத்துப் புத்தகமும் படிச்சிட்டேன். ஒரு தடவையாவது அவ ஒண்ணுக்குப் போனாளா?”

ஆமோஸ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான்.

“எட்டு மணி நேரம் வண்டி ஓட்டறா. கையில காபி வேற குடுத்திருக்கீங்க, ஒவ்வொரு புத்தகத்துலயும். கடைசி நிறுத்தத்துல இருக்கிற கடைக்காரன் பாத்ரூம் சாவி தரமாட்டான்னு உங்களுக்குத் தெரியுமா? நான் இருபது வருஷமா அவன்கிட்ட கெஞ்சறேன். அடக்கறதுதான் அவளோட சக்தின்னா முதல் பக்கத்துலயே சொல்லிடுங்க, நாங்களும் புரிஞ்சுப்போம்.”

வெர்டெல் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். ஆமோஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எங்கம்மா என்னை மன்னிக்க மாட்டாங்க” என்றான். “அவங்களும் இதையேதான் தினமும் திட்டிக்கிட்டு வருவாங்க. எப்படி மறந்தேன்?”

லவெர்ன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். இப்போது கொஞ்சம் வெட்கம். பேருந்து நேர அட்டவணையின் பின்பக்கத்தில் பென்சிலால் ஆர்லீனை வரைந்திருந்தார். மூக்கு கோணல். பின்னல்கள் மட்டும் ஒவ்வொன்றாக, பொறுமையாக. “சிக்னல்ல நிக்கும்போது வரைஞ்சது. சும்மா. ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க.”

ஆமோஸ் தாளைக் கையில் வாங்கி முகத்துக்கு அருகே கொண்டுபோனான். “கையெழுத்து என்ன, மையே போட்டுத் தரேன்” என்று என் பிரஷை எடுத்தான். என்னைக் கேட்காமல்.

இத்தனை பேர் முன்னால்.

பிரஷை மையில் தோய்த்தான், நுனியைக் கிண்ணத்து விளிம்பில் கூராக்கினான், வைத்தான்.

கோடு போயிற்று.

அப்படி ஒரு கோடு. அந்தப் பெண்மணியின் கோணல் மூக்கை அவன் திருத்தவில்லை. அவர் பென்சில் எப்படிப் போயிற்றோ அப்படியே, அதன் மேலேயே, ஆனால் உயிரோடு. ஒரு பின்னல், அடுத்த பின்னல், கன்ன எலும்பில் வெளிச்சம் விட்டு அதற்குக் கீழே காய்ந்த பிரஷ். தலையைத் திருப்பவே இல்லை. தேடவில்லை. பிரஷ் முனை இருக்கிற இடத்தில்தான் கண், கண் இருக்கிற இடத்தில்தான் கோடு. அதற்கு மேல் உலகத்தில் எதுவும் தெரியத் தேவையில்லை.

லவெர்ன் மூச்சுவிடாமல் பார்த்தார். “என்னோடதுதான் இது,” என்றார் கடைசியில், நம்ப முடியாமல். “என்னோட படம்தான்.”

“உங்களோடதுதான். நான் கோட்டுக்கு மேல நடந்தேன், அவ்வளவுதான்.”

அவர் போன பிறகு பிரஷைக் கழுவி என்னிடம் நீட்டினான். விரலில் மை. “கை மறக்கல” என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல்.

அவன் நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மீன் வாங்கிவரப் போனான். வெர்டெல் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.


மே 19, ஞாயிறு

தூக்கம் சரியாக இல்லை. ஆராதனைக்குப் போகவில்லை. வெர்டெல் திட்டுவாள்.

இத்தனை வருடத்தில் ஒரு பக்கம்கூட நான் முதலிலிருந்து போட்டதில்லை. வெள்ளைத் தாளை யாரோ உடைத்துக் கொடுத்த பிறகுதான் இறங்குவேன். அடக்கம் என்று பெயர் வைத்திருந்தேன் அதற்கு. பயம்தான். நான் வரைந்தது கோணலாக இருந்தால்? மேலே என் பெயர் இருந்தால்?

லவெர்னுக்கு அந்தப் பயம் இல்லை. சிக்னல் பச்சையாகும்வரை வரைந்திருக்கிறார்.


மே 20, திங்கள்

அச்சகத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காபி போட்டேன், குடித்தேன், கோப்பையைக் கழுவினேன். பிறகு பென்சில் எடுத்தேன். பிரஷ் அல்ல.

மாலை ஆகிவிட்டது. ஒரு பக்கம் முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவது புத்தகம், முதல் பக்கம். ஆர்லீன் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே நேரத்தை நிறுத்துகிறாள். இந்தத் தடவை யாரையும் காப்பாற்ற அல்ல: காற்றில் நிற்கும் துப்பாக்கிக் குண்டு இல்லை, அந்தரத்தில் நிற்கும் குழந்தை இல்லை. ஊரே உறைந்து நிற்க, அவள் வண்டியை விட்டு இறங்கி, வாய்பிளந்து நிற்கும் கடைக்காரனின் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு கழிவறைக்குப் போகிறாள். வரைந்துகொண்டே தனியாகச் சிரித்தேன். கடைக்காரனின் கை சரியாக வரவில்லை. அழித்து அழித்துத் தாள் மெலிந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஆமோஸ் ஒருபோதும் வைக்காத இடத்தில் வலப்பக்கக் கண்ணாடியை வைத்தேன். பக்கத்தின் நடுவில், பெரிதாக. மற்றக் கட்டங்கள் அதைச் சுற்றி. தெரு, விளக்கு, அவென்யூவின் ஓரங்கள் எல்லாமே அதற்குள் இருக்கின்றன. தேட வேண்டாம்.

முழுக் கருப்பு வேண்டிய இடங்களில் சின்னப் பெருக்கல் குறி போட்டேன். என் குறிக்குக் கால் இரண்டும் சமமாக இருக்கிறது. பின்னல்களுக்குப் பென்சிலே போடவில்லை, தலையின் வடிவம் மட்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. கெசியாவிடம் இல்லை, வெர்டெலிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, அவனுக்கு மருந்து விட்டு முடிந்ததும், மாடிக்கு ஏறிப்போய் இந்தப் பக்கத்தை அவன் மேசையில் வைக்கப்போகிறேன். என் நல்ல பிரஷையும். பென்சில் என்ற சொல்லுக்கு எதிரே என் பெயர், மை என்ற சொல்லுக்கு எதிரே அவன் பெயர், இரண்டையும் கீழே எழுதியாகிவிட்டது.

வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வான். மீதிப் பக்கங்களையும் போட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

கடைசியாக நீலப் பென்சிலைச் சீவினேன். ஓரத்தில் எழுதினேன், என் வாழ்க்கையில் முதல் தடவை:

“பின்னலெல்லாம் உன்னோடது. கடைக்காரன் கை தப்பு, கண்டுக்காதே. மெதுவா போடு, நான் எங்கேயும் போகல.”